நன்னியிடம் கொண்டுபோன கேள்விகள்

கொச்சியில் எங்கள் சுள்ளிக்கல் வீட்டுக்கு மார்க்கத்தைப் பற்றிய கேள்விகள் என் புத்தகப் பையோடுதான் வந்து சேரும். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடம், 1970களின் கடைசி. என் பெஞ்சில் ஒரு பக்கம் லத்தீன் கத்தோலிக்கப் பெண், மறுபக்கம் கொங்கணிப் பெண். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போதே ஆரம்பிப்பார்கள். உங்கள் சாமிக்கு ஏன் படம் இல்லை? கறுப்புக் கல்லைத்தானே கும்பிடுகிறீர்கள்? உன் பாட்டி ஏன் பள்ளிவாசலுக்குப் போவதில்லை? கேலிக்குக் கேட்டதில்லை, அறியும் ஆசையில் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியாது. சாயங்காலம் எல்லாவற்றையும் நன்னியின் மடியில் கொண்டுபோய்க் கொட்டுவேன்.

நன்னி அத்தாவைப் பெற்றவர், உத்தமபாளையத்துக்காரர். அத்தா மட்டாஞ்சேரி பஜாரில் மிளகும் சுக்கும் ஏற்றுமதியான ஒரு பண்டகசாலையில் கணக்கு எழுதினார். வாசலைத் தாண்டினால் மலையாளம், பஜாருக்குப் போனால் கச்சியும் கொங்கணியும். நன்னி மட்டும் ராவுத்தர் தமிழைக் கடைசிவரை விடவில்லை. குர்ஆன் ஓதுவார். அரபுத்தமிழில் அச்சான முனாஜாத்துப் புத்தகங்களை ராகம் போட்டுப் படிப்பார்.

படம் பற்றிய கேள்விக்கு அவர் திருப்பிக் கேட்டார்: "காத்தை எழுதிக் காட்டு தாயி, பாப்பம். பெத்தவுக கிடையாது, பிள்ளை கிடையாது, அவனைப் போல இன்னொண்ணு கிடையாது. எதை எழுதினாலும் அது அவனைவிடச் சின்னதாத்தானே இருக்கும்?" நபியின் படமும் அதனால்தான் இல்லையாம். இன்றைக்கு மரியாதைக்கு மாட்டுவோம், நாளைக்கு அதற்கே கையேந்துவோம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தா என்னை மட்டாஞ்சேரிக்கு நடத்திக் கூட்டிப்போவார். அரண்மனைச் சுவர் முழுக்க இராமாயண ஓவியம். அங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் 1568இல் கட்டிய யூதப்பள்ளி. அங்கே தரையில் சீனத்திலிருந்து வந்த நீலப் பூ ஓடுகள் உண்டு, மனித உருவம் ஒன்றுகூட இல்லை. செம்பிட்டபள்ளி என்ற பழைய பள்ளிவாசலிலும் மரத்தில் கொடிச் செதுக்கல்தான். உருவத்தில் கடவுளைக் கண்டவர்களும் உருவமே வேண்டாமென்றவர்களும் நூற்றாண்டுகளாக ஒரே நடைதூரத்தில் வாழ்ந்த ஊர் அது. மறுநாள் பெஞ்சில் இதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் எங்கள் வீட்டிலேயே ஒரு படம் இருந்ததே! புராக். நபியை விண்ணேற்றத்துக்குச் சுமந்துபோன வாகனம். குதிரை உடம்பும் இறக்கையும் பெண் முகமுமாக, கண்ணாடிச் சட்டத்துக்குள். ஃபாத்திஹா ஓத வந்த பள்ளிவாசல் அஸரத்து அதைப் பார்த்து முகம் சுளித்தார். அத்தா கழற்றிவிட்டு மக்கா, மதீனா படத்தை மாட்டினார். நன்னிக்குக் கொஞ்ச நாள் வருத்தம். எனக்கு இன்றும் உண்டு. அதை யாரும் தொழுததில்லை. ஒரு கதையை நினைவில் வைத்திருந்தது, அவ்வளவுதான்.

கறுப்புக் கல்லுக்கு நன்னியிடம் பதில் தயாராக இருந்தது. மக்கா நபியின் கைக்கு வந்த 630ஆம் ஆண்டில், அடிமையாயிருந்து விடுதலையான பிலால் அந்தக் கல் பதித்த கஃபாவின் கூரைமேல் ஏறிநின்று பாங்கு சொன்னார். "கும்பிடுற சாமி தலையில யாராச்சும் ஏறி நிப்பாகளா? அது திசை தாயி." கலீஃபா உமரும் அந்தக் கல்லை முத்தமிடும்போது, நீ நன்மையோ தீமையோ செய்யாத கல் என்று அறிவேன், நபி முத்தமிட்டதால் நானும் முத்தமிடுகிறேன் என்றாராம்.

நன்னி வெளியே போனால் வெள்ளைத் துப்பட்டி. கறுப்பு பர்தா எங்கள் தெருவுக்கு வளைகுடாப் பணத்தோடு பிறகுதான் வந்தது. பார்வையைத் தாழ்த்தும்படி குர்ஆன் முதலில் ஆண்களுக்குத்தான் சொல்கிறது, அதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை என்பார்.

சொத்தில் நன்னி உறுதியானவர். சகோதரர்கள் முணுமுணுத்தும் உத்தமபாளையத்து வயலில் தன் பங்கை வாங்கினார். பக்கத்துத் திருவிதாங்கூரில் 1916 சட்டப்படி கிறிஸ்தவ மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அவர்களுக்குச் சம பங்கு தந்த மேரி ராய் வழக்குத் தீர்ப்பு 1986இல்தான் வந்தது. அதோடு ஒப்பிட்டால் மகன் பங்கில் பாதி மகளுக்கு என்று மார்க்கம் சொன்னது ஏழாம் நூற்றாண்டில் பெரிய காரியம். ஆனாலும் பாதி பாதிதான். இந்தப் பங்குக் கணக்கைத் தாண்டி மூன்று மகள்களுக்கும் சொத்து முழுதாகச் சேர வேண்டுமென்று காசர்கோட்டு வழக்கறிஞர் ஷுக்கூர் தன் மனைவியையே 2023 மார்ச் 8 அன்று சிறப்புத் திருமணச் சட்டப்படி மறுபடி மணந்தார். நன்னி இருந்திருந்தால் அவர் பக்கம் நின்றிருப்பார் என்றே நம்புகிறேன்.

பள்ளிவாசல் கேள்விக்கு மட்டும் நன்னியிடம் வெகுநாள் பதில் இல்லை. பிறகு அத்தாவோடு பம்பாயிலிருந்து கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போனார். வந்தபின் மாதக்கணக்கில் அதே பேச்சு. ஆணும் பெண்ணும் ஒரே கூட்டமாகக் கஃபாவைச் சுற்றியது, இஹ்ராமில் பெண் முகத்தை மூடக் கூடாதென்றது, மதீனாவில் நபியின் பள்ளியில் தொழுதது. ஒருநாள் அஸரத்து திண்ணைக்கு வந்தபோது கதவோரம் நின்று கேட்டார்: "மக்காவுல தொழுதேன். நம்ம தெருவுல தொழக்கூடாதா?"

"பெண்களுக்கு வீட்டுல தொழுறது மேல், அம்மா."

"மேலுன்னா சரி. கூடாதுன்னு சொல்லியிருக்கா?"

அஸரத்து நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. வழக்கமில்லை என்று மட்டும் சொன்னார். நன்னி அந்தப் பள்ளிக்குள் கால் வைக்காமலேயே மவுத்தானார். பின்னாளில் ஹதீஸ்களில் படித்தேன்: அல்லாஹ்வின் பெண் அடியார்களை அவன் பள்ளிகளிலிருந்து தடுக்காதீர்கள் என்ற நபியின் சொல்லைக் கலீஃபா உமரின் மகன் இப்னு உமர் எடுத்துச் சொல்கிறார். அவர் மகனே, நாங்கள் தடுப்போம் என்கிறார். இப்னு உமர் அந்த மகனை மிகக் கடுமையாக ஏசிவிட்டார். இதை நன்னிக்குப் படித்துக் காட்டக் கொடுத்துவைக்கவில்லை.

கேரளத்துச் சீர்திருத்த இயக்கமான முஜாஹித்களின் பள்ளிகளில் பெண்கள் வெகுகாலமாகத் தொழுகிறார்கள். பெண்கள் பள்ளிவாசலுக்குள் தொழத் தடையில்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமே 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. இன்னும் கதவடைத்திருக்கும் ஜமாஅத்துகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பெண்களுக்கென ஒரு வாசல், ஒளூச் செய்ய ஒரு குழாய், தொழ ஒரு விரிப்பு. இந்த ரமலானுக்குள் செய்துகொடுங்கள்.