இரட்டைக் கருந்துளைகளைத் தேடி

வானநூற் செய்திகளுள் என் உள்ளத்தை நெடுநாளாகப் பற்றிக்கொண்டிருப்பது ஒன்று உண்டு. அஃது இரட்டைக் கருந்துளைகளைத் தேடும் முயற்சியாகும். ஒளியையும் வெளிவிடாத ஒன்றைத் தேடுவதே அரிது. அத்தகைய இரண்டு ஒன்றையொன்று சுற்றுகின்றனவா என்று ஆராய்வது எத்துணை அரிது!

பெரிய விண்மீன் மண்டலங்களின் நடுவே பெரும்பாலும் ஒரு மாபெருங் கருந்துளை உண்டு. நம் பால்வழி மண்டலத்தின் நடுவிலுள்ளது, கதிரவனைப்போல் ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு நிறையுடையது. இரு மண்டலங்கள் மோதிக் கலப்பின், அவற்றின் கருந்துளைகளும் நெருங்கி இணையாகச் சுழலவேண்டும். 1980 ஆம் ஆண்டில் பெகல்மன், பிளாண்ட்ஃபோர்டு, ரீஸ் என்னும் அறிஞர் மூவர் இதனை விளக்கி எழுதினர்.

அவற்றைக் காண்பது எங்ஙனம்? கருந்துளையை நோக்கிச் சுழன்று விழும் வாயு வெம்மையுற்றுப் பேரொளி வீசும். அவ்வாறு மிகுதியாக ஒளிரும் மண்டல நடுவே குவேசார் எனப்படும். அவ்வொளியை நிறமாலையாக விரித்தால் ஹைட்ரஜனுக்குரிய கோடுகள் தோன்றும். வாயு நம்மை நோக்கி விரைந்தால் கோடு நீலப்பக்கம் நகரும். விலகிச் சென்றால் சிவப்புப்பக்கம் நகரும். இருளில் இராட்டினம் ஆடுவோர் கையில் விளக்கிருப்பின், ஆளைக் காணாமலே சுழற்சியை அறிகிறோம் அன்றோ?

3சி 390.3 என்னும் மண்டலத்தின் கோடு இரு முகடுகளாகப் பிரிந்திருந்தது. இரு கருந்துளைகளே காரணம் எனச் சிலர் கருதினர். ஆயின் பல்லாண்டுகள் நோக்கியும் முகடுகள் எதிர்பார்த்தவாறு இடம் மாறவில்லை. அத்துணை விரைவாக ஓடியும் ஒரு சுற்று முடிய நெடுங்காலம் ஆகுமெனின், பாதை மிகப் பெரிதாதல் வேண்டும். அப்பாதையில் ஒன்றையொன்று பிணித்திருக்க நம்பவொண்ணாத நிறையும் வேண்டும். எனவே 1997 இல் எராக்ளியஸ் முதலியோர் அக்கருத்தை மறுத்தனர். ஒரே கருந்துளையைச் சூழ்ந்த வாயுத்தட்டின் ஒரு பக்கம் நெருங்க, மறுபக்கம் விலகுவதாலும் இரு முகடுகள் தோன்றும். கண்டுபிடிப்பினும் இம்மறுப்பே எனக்கு இனிக்கிறது.

மறுத்தவரே தேடலைக் கைவிடவில்லை. 2012 இல் அக்குழுவினர் ஏறத்தாழ 15,900 குவேசார்களின் நிறமாலைகளைச் சலித்து, கோடு நொடிக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டரோ அதற்கு மேலோ விலகியிருந்த 88-ஐப் பிரித்தெடுத்தனர். இவற்றுள் எதுவும் இரட்டையென இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை. ஒரு சுற்றுக்கே நூறாண்டும் ஆகலாம். இன்று பதிவாகும் நிறமாலையை இன்னும் பிறவாத ஒருவர் எடுத்து, தம் காலத்துக் கோட்டோடு ஒப்பிட்டு நோக்கவேண்டியிருக்கும்.