உப்பிட்ட தேநீர்

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தருக்கு மேற்கே, அர்காங்காய் மாநிலத்துப் புல்வெளியில், 2024-ஆம் ஆண்டுக் கோடையில் தொண்டர்களாய்ச் சில வாரங்கள் தங்கியிருந்தோம். எங்களுக்கு இடமளித்தவர்கள் ஆடு மேய்க்கும் முதிய தம்பதியர். அவர்தம் இல்லம் 'கெர்' எனப்படும் வட்டக் கூடாரம். மரச்சட்டங்களின்மேல் ஆட்டு உரோமத்தாலான கெட்டிக் கம்பளம் போர்த்தியது. வாயில் தெற்கு நோக்கியிருக்கும். நிலைப்படியை மிதித்தல் ஆகாது.

வருவோர் கதவைத் தட்டுவதில்லை. "நாயைப் பிடியுங்கள்!" என்று தொலைவிலிருந்தே குரல் கொடுப்பர். அமர்ந்ததும், பெயரும் ஊரும் கேளாமலே, பாலும் உப்பும் கலந்த தேநீர் வந்துவிடும். வலக்கரம் நீட்டிப் பெறவேண்டும். காலையில் காய்ச்சியதன் முதற்பகுதியை இல்லத்தலைவி வெளியே சென்று வானை நோக்கித் தெளிப்பார், பிறகே மற்றவர்க்கு. (முதல் நாள் எங்கள் நாவுக்கு ஒவ்வாத அத்தேநீர், ஒரு வாரத்திற்குள் இன்றியமையாததாயிற்று.)

"கால்நடைகள் கொழுத்துள்ளனவா?" என்று வினவுவது அங்கே நலம் விசாரிக்கும் முறை. அவ்வாண்டு அக்கேள்வி எங்கள் நாவில் எழவில்லை. முந்திய குளிர்காலத்தில் 'ஸூட்' எனும் பேரிடர் தாக்கியிருந்தது. புல்லை மூடிய பனி பாறைபோல் இறுகிவிட, குளம்பால் கிளறியும் தீனி கிட்டாமல், நாடெங்கும் 70 இலட்சத்திற்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. எங்கள் பெரியவரிடம் இருந்த 200 ஆடுகளில் எஞ்சியவை முப்பதே. மகன் பிழைப்புத் தேடி நகருக்குப் போய்விட்டான்.

ஒரு மாலை, காணாமற்போன குதிரையைத் தேடி முன்பின் அறியாத ஒருவர் வந்தார். மூதாட்டி கிண்ணம் நிறைய ஊற்றித் தந்தார்.

"கால்நடைகள் நலமா?" என்றார் வந்தவர்.

"நலமே" என்றார் பெரியவர். முதல் வினாவுக்கு அவ்வாறு விடையளிப்பதே அங்குள்ள மரபு.

கிண்ணம் காலியான பின்னரே, மெல்ல, மாண்டவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.