பெஞ்சுல ஒரு மாடு

ஐ.டி. கம்பெனிக்காரங்களுக்கு பெஞ்சுன்னா தெரியும். ப்ராஜெக்ட் இல்லாம சும்மா உக்காந்திருக்கற காலம். சம்பளம் வரும், மரியாதை வராது :-) எங்க ஊர்ல, ஈரோட்டுப் பக்கம், சினை மாட்டுக்கும் இதே நெலமைதாங்க.

மாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். ஏழு மாசத்துல கறவையை நிறுத்தி பாலை வத்த வச்சா, கன்னு போடறதுக்கு முன்னாடி 60 நாள் ஓய்வு கிடைக்கும். மடியில பால் சுரக்கற பழைய செல்கள் போய்ப் புதுசு வளர்றது அப்பதான். வயித்துல கன்னு வேகமா எடை போடறதும் அப்பதான். வெளிய பாத்தா மாடு சும்மா நிக்குது. உள்ளுக்குள்ள ஓவர்டைம்!

எங்க ஜெர்சி கலப்பு மாடு செவலைக்கு இந்த ரெண்டு மாசம் சரியா சித்திரை, வைகாசில வந்துச்சு. "இன்னும் மூணு லிட்டர் கறக்குதே கண்ணு, எதுக்கு நிறுத்தோணும்?"னு அம்மா கேட்டாங்க. அவங்க சீட்டுக் கட்டறதே அந்தப் பால் காசுலதான். நான் கட்டறேன்னு சொன்னேன். "உன் காசு வேண்டாம்"னுட்டாங்க. கடைசில கோழி வித்துக் கட்டினாங்க.

அடுத்த பஞ்சாயத்து அப்பாகிட்ட. கட்டுத்தரையில இருக்கறது ஒரே ஃபேன். அது கறக்கற மாட்டுக்குத்தான், செவலை வேலியோரம் நிக்கட்டும்னாரு. நம்மள மாதிரியே வெயிலும் புழுக்கமும் உள்ள ஃப்ளோரிடாவுல, பல்கலைக்கழக ஆளுங்க செஞ்ச ஒரு ஆராய்ச்சி 2011-ல வெளியாச்சு. கறவை நின்ன மாடுகள்ல ஒரு பாதிக்கு மட்டும் ஃபேனும் தண்ணித் தெளிப்பும் குடுத்தாங்க. கன்னு போட்டதுக்கப்புறம் ரெண்டு கூட்டத்துக்குமே குளிர்ச்சிதான். அப்படியும், முன்னாடி வெயில்ல காஞ்ச மாடுங்க தினம் சுமார் 5 கிலோ பால் கம்மியாத்தான் குடுத்துச்சு. அந்த மடியில செல் வளர்ச்சியே குறைஞ்சு போயிருந்துச்சு.

"அது முப்பது லிட்டர் மாடு, நம்முளது பத்து லிட்டர். அஞ்சு லிட்டர் சேத்திக் குடுத்துருமா?"ன்னாரு அப்பா. நியாயமான கேள்வி. குடுக்காதுங்க. ஆனா கெடுதல் நடக்கற விதம் ஒண்ணுதான்.

ஒருவழியா ஒத்துக்கிட்டாரு. செய்ய வேண்டியதும் அப்படியொண்ணும் பெருசில்ல:

- தீவனத்தைக் குறைச்சு, கறவையை நிறுத்தி, மடிநோய் வராம இருக்க நாலு காம்புலயும் டாக்டரை வச்சு மருந்து ட்யூப் ஏத்தறது.
- தென்னங்கீத்து நிழல், எந்நேரமும் தொட்டித் தண்ணி. தீனி விடியக்காலையிலயும் பொழுது சாஞ்சும்.
- உடம்பை நனைச்சா காத்தும் வேணும். காத்தில்லாம தண்ணி மட்டும் ஊத்தினா புழுக்கம்தான் மிச்சம்.
- கன்னு போடறதுக்கு முன்னாடி சுண்ணாம்புச் சத்தை அள்ளிக் குடுக்கக்கூடாது. அப்புறம் பால் காய்ச்சல்ல படுத்துரும்.

செவலை நல்லபடியா கிடேரிக் கன்னு போட்டுச்சு. ஒரு மாட்டை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. ஆனா இன்னைக்குக் கறக்காத மாட்டுக்கு விடற நிழல், அடுத்த ஈத்துப் பாலுக்குக் கட்டற சீட்டு மாதிரின்னு அம்மாவே இப்ப பக்கத்து வீட்ல சொல்லிட்டிருக்காங்க.

உங்க ஊர்ல சினை மாட்டை கோடையில எங்க கட்டுவாங்க? சொல்லுங்க மக்களே.