வாசலில் நின்ற பறை

பேரன் ஊருக்கு வந்தால் போனில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பாட்டுதான். இயக்குநர் பா. ரஞ்சித் முயற்சியில் உருவான 19 பேர் குழு. 2018 ஜனவரி 6-ல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. கானா, ராப், பறை எல்லாம் கலந்திருக்கும். சாதியைப் பெயர் சொல்லியே கேள்வி கேட்பார்கள். ஐயப்பன் பாட்டுக்காகப் பாடகி இசைவாணி மீது 2024-ல் போலீஸ் புகார்கூட வந்தது. அமெரிக்காவின் என்.டபிள்யூ.ஏ. குழுவையும் இப்படித்தான் திட்டினார்கள்; 1991-ல் வந்த அவர்களின் கடைசி ஆல்பம் விற்பனையில் முதலிடம் பிடித்தது.

"இது பாட்டா, சண்டையா?" என்கிறார் என்னோடு நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்.

ராசிபுரம் பக்கம் எங்கள் ஊரில் பறை இல்லாமல் எழவு வீட்டில் பாடை எழும்பாது. ஆனால் அடித்தவர் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இத்தனை காலம் வாசலில் நிறுத்தியவர்கள் மேடையேறினால், குரலில் காரம் இருக்கத்தானே செய்யும்?