கடைசி வயல்

கல்லூரியிற் கற்றவற்றுட் பலவற்றை மறந்தோம். 1994ஆம் ஆண்டில் வைத்தியசாலைக் கட்டிலருகே கற்றதை யாம் மறந்திலோம்.

கல்முனையில் எம் இல்லத்துக் குப்பி விளக்குச் சரிந்து, மண்ணெண்ணெய்த் தீயால் எம் தங்கையின் உடலில் மூன்றிலொரு பங்கு வெந்தது. “தண்ணீர், அண்ணா!” என இரந்தாள். ஒரு மிடறும் கொடுக்கலாகாதென்று டாக்டர் தடுத்தார். நாளத்தினூடாகச் சேலைன் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. கல்நெஞ்சரென அவரை உள்ளத்துள் வைதோம்.

எம் முகக்குறிப்பை உணர்ந்த அவர், “தம்பி, வாய்க்காலில் நீர் குறைந்தால் கடைசி வயல்தானே முதலிற் காயும்? உடலும் அவ்வாறே. குருதியின் நீர் எரிகாயத்திற் கசிந்துவிட, எஞ்சியது இருதயத்துக்கும் மூளைக்கும் செல்லும், குடல் வாடும். வாடிய குடலில் நீர் தங்காது, வாந்தியாகும்” என்றார்.

தாதி மணிதோறும் சிறுநீரை அளந்தார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்டவண்ணமிருந்தார்.

பிற்காலத்தில் நூல்கள் வாயிலாக மேலும் அறிந்தோம். 1968இல் டாக்டர் பக்ஸ்டர் வெளியிட்ட கணக்கின்படி, உடல்நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும், வெந்த தோலில் நூற்றிலொரு பங்குக்கும் 4 மில்லிலீற்றர் நீர் வேண்டும். அதிற் பாதி முதல் 8 மணித்தியாலத்துள் ஏறவேண்டும். அந்நேரம் எரிந்த கணத்திலிருந்தே எண்ணப்படும். ஆதலின் தாமதம் பெருங்கேடு. சிறுநீர் சீராக இருப்பினும் குடல் வாடியிருத்தல் கூடும். அதனை அறியவே, இரைப்பையுட் சிறு பலூனைச் செலுத்திக் காபனீரொட்சைட்டை அளக்கும் முறையும் தோன்றியது. நீர் மிகினும் தீங்கே. வயிறு வீங்கிக் குடலை நெரிக்கும். அதனைச் சிறுநீர்ப்பையின் அழுத்தத்தால் அறிவர்.

மூன்றாம் நாட் காலை டாக்டர் நிமிர்ந்து, “வயிறு பேசுகிறது” என்று நகைத்தார். முதற் கரண்டி நீரை எம் கையாலேயே ஊட்டினோம்.