அக்காவும் சூயிங்கமும்

வகுப்பறையில் சூயிங்கம் மெல்லும் மாணவரைக் கண்டால் எனக்குச் சினம் பொங்கும். அச்சினம் தணிந்தது என் ஊராகிய நாரணாபுரத்தில்தான்.

பட்டாசு ஆலையில் பணிபுரியும் என் அக்கா பல்லாண்டுகளாகப் பாக்கு மென்று வருபவர். மருந்துத் தூசியில் தொண்டை வறளுமாம். வாயில் ஏதேனும் ஊற வேண்டுமாம். பாக்கு புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட நூலில் உரைத்திருப்பதை எடுத்துச் சொன்னேன்.

"அப்பன்னா எதைத்தான் மெல்ல, தம்பி?" என்றார். விடையின்றி விழித்தேன்.

பல் மருத்துவர் ஒருவரை அணுகினேன். மெல்லுங்கால் உமிழ்நீர் பெருகி வாயின் அமிலத்தைத் தணிக்கும். ஆனால் சர்க்கரையிட்ட கம் கிருமிகளுக்கு விருந்து. சைலிட்டால் கலந்ததைக் கொண்டு கிருமிகள் அமிலம் ஆக்க இயலாது. உணவுக்குப் பின் 20 நிமிடம் போதும். நாள் முழுதும் மென்றால் தாடை நோகும், வயிறும் கழியும் என்றார். 1992-இல் சூயிங்கத்துக்குத் தடை விதித்த சிங்கப்பூரே, 2004-இல் பல்நலத்துக்குரிய வகையை மருந்தகங்களில் விற்க இசைந்ததன்றோ!

சர்க்கரையற்ற பொட்டலம் ஒன்றை வாங்கிச் சென்றேன். வேலை முடிந்து வந்த அக்கா வாசலிலேயே ஆவலுடன் பிரித்தார். விரல்களில் அலுமினியத் தூள் வெள்ளியாய் மின்னியது. பேரியம் உப்பை உச்ச நீதிமன்றம் 2018-இல் விலக்கியது. அதற்குமுன் அந்நஞ்சையும் அள்ளிய விரல்கள்தாமே அவை!

"கை கழுவலையா அக்கா?"

"சோத்துக்குக் கழுவுவோம். பாக்குக்கு யாரு கழுவுறா?"

இப்போது அவர் தூக்குச்சட்டிப் பையில் சூயிங்கத்தோடு ஒரு சோப்புத் துண்டும் செல்கிறது. பாக்கை இன்னும் முற்றிலும் விட்டாரில்லை.