பச்சை பிடிக்கும் வரை

நடவு முடிந்த மூன்றாம் நாள் வயலைப் பார்த்திருக்கிறீர்களா? நாற்றங்காலில் செழித்து நின்ற பயிர், பறித்து நட்டதும் வெளுத்துத் தலை சாய்ந்துவிடும். வேர் ஊன்றிப் பச்சை பிடிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் பட்டுப்போனவை பட்டுப்போனவைதான். எங்கள் வீட்டில் இது ஆண்டுதோறும் காணும் காட்சி. அதையே ஒரு பெண்ணின் உடலுக்குள் வைத்து எண்ணிப் பார்க்கும்படி எனக்கு நேர்ந்தது, அக்காவால்.

அக்கா, பெரியம்மாவின் மகள். 24 வயதில் அவளுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. ஹாட்ஜ்கின் என்னும் நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். மருந்துக்கு அடங்கிய நோய் மறு ஆண்டே திரும்பி வந்தது. இம்முறை மிகக் கடுமையான மருந்துகளைக் கொடுத்து, அவளிடமிருந்தே முன்னதாக எடுத்து வைத்திருந்த இரத்த மூலசெல்களைத் திருப்பிச் செலுத்தினார்கள். பிழைத்துக்கொண்டாள். அதற்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். கொட்டிப்போன முடியும் வளர்ந்துவிட்டது. மாதவிலக்கு மட்டும் திரும்பவேயில்லை. முடி கொட்டும் என்று முன்பே சொன்னவர்கள், இதைச் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

பெண் குழந்தை தன் கருமுட்டைகள் அனைத்தையும் சுமந்துகொண்டே பிறக்கிறது. 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை. பூப்படையும்போது அவற்றில் மூன்று, நான்கு லட்சமே மிஞ்சும். ஒவ்வொரு முட்டையும் ஒரு நுண்பைக்குள், சூலகத்தின் வெளிப்பட்டையில் உறங்குகிறது. சில புற்றுநோய் மருந்துகள் இவற்றையும் அழித்துவிடும். அழிந்தால் ஈடு செய்ய வழியில்லை.

ஆகவே, மருந்து ஏறும் முன்பே அந்தப் பட்டையில் கொஞ்சம் வெட்டியெடுத்து உறைய வைத்தால் என்ன? 1994இல் எடின்பரோவில் ராஜர் காஸ்டன் குழுவினர் செம்மறியாட்டில் இதைச் செய்து காட்டினர். உறைய வைத்து மீண்டும் பதித்த சூலகத் துண்டிலிருந்து குட்டி பிறந்தது. 1997இல் பெல்ஜியத்தில் ஒரு பெண்ணிடமிருந்து, சிகிச்சைக்கு முன் எடுத்த துண்டுகளை மருத்துவர் ஜாக் டோனெஸ் குழுவினர் மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வைத்தனர். அவளுக்கும் ஹாட்ஜ்கின் நோய்தான்! 2003இல் அவற்றைத் திரும்பப் பதித்தார்கள். ஐந்து மாதத்தில் மாதச் சுழற்சி மீண்டது. 2004 செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்தது. அந்த முட்டை பதித்த துண்டிலிருந்துதான் வந்ததா, பழைய சூலகத்திலிருந்தா என்று ஐயுற்றவர்களும் உண்டு. மறு ஆண்டு இஸ்ரேலிலும் இம்முறையில் குழந்தை பிறந்தது. பிறகு பல நாடுகளில். 2019இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இதைச் 'சோதனை முறை' என்று சொல்வதை விட்டுவிட்டது. பூப்படையாத சிறுமிகளுக்கு முட்டையைச் சேமிக்க இருக்கும் வழி இது ஒன்றே. இரத்தப் புற்றுநோய் கண்டவர்களுக்கு மட்டும் அச்சம் உண்டு. துண்டோடு நோயும் திரும்பக்கூடும்.

இங்கேதான் நாற்று எனக்கு நினைவு வந்தது. உறைபனியைத் தாங்கிய துண்டு, உடலுக்குள் திரும்பிய பிறகே பெரும்பாலும் அழிகிறது. ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள அந்தப் பட்டைக்கு இரத்தக்குழாயை யாரும் தைத்து இணைப்பதில்லை. புதிய நுண்குழாய்கள் தாமாக முளைத்துவர நாட்கள் ஆகும். அதுவரை பிராணவாயு இல்லை. இந்தக் காத்திருப்பில் நுண்பைகளில் பாதிக்கு மேல் மடிவதுண்டு.

இதைவிட வியப்பு, வந்து சேரும் பிராணவாயுவே பகையாவது. மூச்சுத் திணறிக் கிடந்த செல்லுக்குள் அது திடீரெனப் புகும்போது, கட்டுக்கடங்காத ஆக்சிஜன் மூலக்கூறுகள் கிளம்பி, செல்சவ்வின் கொழுப்பை ஒன்றன்பின் ஒன்றாக அரிக்கின்றன. அந்தச் சங்கிலியை அறுப்பவையே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். வைட்டமின் ஈ சவ்விலேயே அமர்ந்து காவல் செய்யும். 1998இல் காஸ்டன் பங்கேற்ற ஆய்வில், வைட்டமின் ஈ பெற்ற எலிகளின் ஒட்டுகளில் நுண்பைகள் கூடுதலாகப் பிழைத்தன. மெலடோனின், அசிட்டைல் சிஸ்டீன் ஆகியவற்றையும் விலங்குகளில் சோதித்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் கொஞ்சம் இருந்தால்தான் புதிய இரத்தக்குழாய்களே முளைக்கும். எல்லாவற்றையும் அடக்கினால் வேரே ஊன்றாது. யூரியாவை அள்ளிக் கொட்டினால் பயிர் கருகுவதைக் கண்ட எங்கள் ஊராருக்கு இது எளிதில் விளங்கும். எலியில் பலித்ததைப் பெண்ணுக்குச் சொல்லிவிட முடியாது. மருந்துக்கடை மாத்திரையை விழுங்குவதால் வருவதும் இல்லை.

பொங்கல் விடுமுறையில் இதையெல்லாம் அக்காவிடம் சொல்லலாமா, கூடாதா என்று இரண்டு நாள் தயங்கினேன். அவளுக்கு இனி இது உதவாது. மருந்துக்கு முன் எடுத்து வைத்திருந்தால்தானே! எனினும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தத் துண்டு எவ்வளவு பெரிசுடி இருக்கும்?"

என் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன்.

"இவ்வளவுதானா?" என்றாள். சற்றுப் பொறுத்து, தெருக்கோடி வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது என்றும், அவளுக்குப் 19 வயதுதான் என்றும் சொன்னாள். அன்று மாலையே இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம்.